குலுக்கிப் போட்டதா, அடுக்கி வைத்ததா?

மாணவர்களே, உங்கள் கைபேசியில் 60 பாடல்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான், யுவன் சங்கர் ராஜா, ஹாரிஸ் ஜெயராஜ், அனிருத் ஆகிய ஐந்து இசையமைப்பாளர்களின் பாடல்கள், ஆளுக்குப் பன்னிரண்டு. ஷஃபிள் பொத்தானை அழுத்துகிறீர்கள். இரண்டு அம்புக்குறிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் அந்தப் பொத்தான்தான். முதலில் ஒரு ரஹ்மான் பாடல் வருகிறது. அடுத்ததும் ரஹ்மான். மூன்றாவதும் ரஹ்மான். உடனே என்ன சொல்வீர்கள்? “இந்தச் செயலி ஒழுங்காகக் கலைக்கவே இல்லை” என்றுதானே?

பெரும்பாலோர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே இசையமைப்பாளரின் பாடல்கள் அடுத்தடுத்து வருவது ஒழுங்காகக் கலைத்ததற்கு அடையாளம். அப்படி ஒருமுறைகூட வராமல் போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இசைச் செயலிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் பயனாளர்கள் குறைகூறியதால், உண்மையாகக் கலைப்பதை விட்டுவிட்டு, கலைத்ததுபோல் தோன்றும்படி அடுக்கித் தரும் முறைக்குச் சில நிறுவனங்கள் மாறின. அப்படி மாறியதில் எனக்கு வருத்தமில்லை. பொத்தானின் பெயரையும் படத்தையும் பழையபடியே வைத்துக்கொண்டதில்தான் வருத்தம். பாட்டுக் கேட்பதில் இது சின்ன விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். அது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை என்பதே என் கருத்து. முதலில் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கலைப்பதற்கும் ஒரு முறை உண்டு

பாடல்களைக் கலைத்து ஒலிக்கச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு பாடல் முடிந்ததும் பகடை உருட்டுவது. 60 பக்கங்கள் கொண்ட ஒரு பகடை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்த எண் விழுகிறதோ அந்தப் பாடல் ஒலிக்கும். கேட்க நன்றாக இருந்தாலும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பகடைக்கு நினைவாற்றல் கிடையாது. இப்போது ஒலித்த பாடலே மறுபடியும் வரலாம். இப்படி 60 முறை உருட்டினால், சராசரியாக சுமார் 22 பாடல்கள் ஒருமுறைகூட ஒலித்திருக்காது. சில பாடல்கள் மூன்று நான்கு முறை வந்திருக்கும்.

இரண்டாவது வழி, பிஸ்கட் டின் வழி. 60 துண்டுத் தாள்களில் பாடல்களின் பெயர்களை எழுதி ஒரு டின்னில் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள். அதுதான் முதல் பாடல். எடுத்த தாளைத் திரும்பப் போடாமல் அடுத்ததை எடுங்கள். டின் காலியாகும்போது ஒரு முழு வரிசை கிடைத்துவிடும். ஒவ்வொரு பாடலும் ஒரே ஒருமுறைதான் வரும், எதுவும் விடுபடாது. ஷஃபிள் என்று நாம் சொல்வது இதைத்தான். பாட்டுத் தொடங்குவதற்கு முன்பே வரிசை முடிவாகிவிடுகிறது. அதன்பிறகு செயலி அந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த டின் வழியைத் தெளிவான விதியாக எழுதி வைத்தவர்கள் இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர்களான ரோனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும். அது பாட்டுக்காக எழுதப்பட்டதல்ல. உயிரியல், வேளாண்மை, மருத்துவ ஆய்வாளர்களுக்காக அவர்கள் 1938இல் வெளியிட்ட புள்ளியியல் அட்டவணை நூலில் அது இடம்பெற்றது. எந்தப் பாத்தியில் எந்த உரத்தைப் போடுவது என்பதை ஆய்வாளர் தன் விருப்பப்படி முடிவு செய்தால் நல்ல மண்ணுக்கே நல்ல உரம் போய்ச் சேர்ந்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் கலைக்க வேண்டியிருந்தது. 1964இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் இதே விதியைக் கணினிக்கு ஏற்றவாறு சுருக்கிக் கொடுத்தார்.

கணினியில் அது இப்படி நடக்கிறது. 60 பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு பாடல். கணினி 1 முதல் 60க்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. 17 வந்ததென்றால், 17ஆம் பெட்டியில் உள்ள பாடலும் 60ஆம் பெட்டியில் உள்ள பாடலும் இடம் மாறுகின்றன. 60ஆம் பெட்டி முடிந்தது, இனி அதைத் தொடக்கூடாது. அடுத்து 1 முதல் 59க்குள் ஓர் எண். வந்த பெட்டியும் 59ஆம் பெட்டியும் இடம் மாறுகின்றன. இப்படியே கீழே இறங்கினால் 59 படிகளில் வேலை முடிந்துவிடும். 60 பாடல்களை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் தெரியுமா? அது 82 இலக்கங்கள் கொண்ட எண். அத்தனை வரிசைகளில் ஒவ்வொன்றுக்கும் சமமான வாய்ப்பு கிடைக்க வேண்டும். அதுதான் நியாயமான கலைப்பு.

ஒரு சொல் மாறினாலும் இந்த நியாயம் கெட்டுவிடும். “முடிந்த பெட்டியைத் தொடக்கூடாது” என்ற விதியை மறந்துவிட்டு, ஒவ்வொரு படியிலும் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பாடல்களைக் கொண்டு சோதித்துப் பாருங்கள். மூன்று படிகள், ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்புகள். மொத்தம் 27 வழிகள். ஆனால் மூன்று பாடல்களை 6 விதமாகத்தான் வரிசைப்படுத்த முடியும். 27ஐ 6ஆல் மீதியின்றி வகுக்க முடியாது அல்லவா? எனவே மூன்று வரிசைகளுக்கு 5 வழிகளும் மற்ற மூன்றுக்கு 4 வழிகளும் கிடைக்கின்றன. கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் குலுக்கல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

கணினி ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது என்றேன். சொன்னதை மட்டுமே செய்யும் இயந்திரம் எப்படித் தற்செயலாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்? பெரும்பாலும் அது தேர்ந்தெடுப்பதில்லை, கணக்கிடுகிறது.

தாளும் பேனாவும் எடுத்து இதைச் செய்து பாருங்கள். 7இல் தொடங்குங்கள். அதை 5ஆல் பெருக்கி 3ஐக் கூட்டுங்கள். விடையை 16ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 38ஐ 16ஆல் வகுத்தால் மீதி 6. அந்த 6ஐக் கொண்டு மறுபடி அதே கணக்கு, மீதி 1. தொடர்ந்து செய்தால் 7, 6, 1, 8, 11, 10, 5, 12 என்று வரும். விதி தெரியாதவருக்கு இது தாறுமாறான வரிசையாகத் தோன்றும். விதி தெரிந்தவருக்கு அடுத்த எண் முன்கூட்டியே தெரியும். இவற்றைப் போலித் தற்செயல் எண்கள் என்பார்கள். தொடங்கும் எண்ணுக்கு வித்து என்று பெயர். ஒரே வித்தை ஊன்றினால் ஒரே வரிசைதான் முளைக்கும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வித்தைக் கணினி தேட வேண்டியிருக்கிறது. கடிகாரத்தின் நேரமும் அப்படி ஒரு வித்தாகலாம்.

மேலே வந்த எண்களை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வருகின்றன. கண்ணுக்குத் தாறுமாறாகத் தோன்றும் ஒன்றில் இப்படி ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கலாம். நல்ல செயலிகள் இதைவிடப் பலமடங்கு தரமான விதிகளைப் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். பார்த்தவுடன் தாறுமாறாகத் தெரிவது வேறு, உண்மையிலேயே நியாயமாகக் கலைந்திருப்பது வேறு.

நம் காது ஏன் நம்ப மறுக்கிறது?

இனி மூன்று ரஹ்மான் பாடல்களுக்கு வருவோம். முதல் பாடல் ரஹ்மானுடையது. மீதம் இருப்பவை 59 பாடல்கள், அவற்றில் 11 ரஹ்மானுடையவை. எனவே அடுத்ததும் ரஹ்மானாக இருக்க 59இல் 11 வாய்ப்பு, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. எந்த இசையமைப்பாளரை எடுத்துக்கொண்டாலும் இதே கணக்குதான். 60 பாடல்களுக்கு இடையே 59 சந்திப்புகள் இருக்கின்றன. 59ஐயும் 59இல் 11ஐயும் பெருக்குங்கள். விடை 11.

அதாவது, நியாயமாகக் கலைத்த உங்கள் பட்டியலில் ஒரே இசையமைப்பாளரின் இரண்டு பாடல்கள் அடுத்தடுத்து வரும் இடங்கள் சராசரியாகப் பதினொன்று இருக்கும். மூன்று பாடல்கள் தொடர்ந்து வருவதுகூட ஒரு பட்டியலுக்குச் சராசரியாக ஏறக்குறைய இரண்டு முறை நடக்கும். அது செயலியின் கோளாறு அல்ல. நடக்க வேண்டியதுதான் நடந்திருக்கிறது.

நம் மனத்துக்கு இது பிடிக்காது. தற்செயல் என்றால் எல்லாம் சீராகப் பரவியிருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. உங்கள் வகுப்பில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பாதிப் பேர் உண்மையாகவே ஒரு நாணயத்தை 100 முறை சுண்டி, தலையா பூவா என்று எழுதட்டும். மற்றவர்கள் நாணயத்தைத் தொடாமல், சுண்டியதுபோல் கற்பனையாக 100 முடிவுகளை எழுதட்டும். எல்லாத் தாள்களையும் கலந்து ஆசிரியரிடம் கொடுங்கள். எது உண்மை, எது கற்பனை என்று அவர் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். 100 முறை சுண்டினால் ஒரே பக்கம் ஐந்து முறையாவது தொடர்ந்து விழுவதற்கான வாய்ப்பு 100க்கு 97. கற்பனையாக எழுதுகிறவர்களோ மூன்று தலைகள் எழுதியதும் கை தயங்கி, பூவுக்குத் தாவிவிடுவார்கள்.

இந்தத் தவறான எதிர்பார்ப்பு பாட்டோடு நிற்பதில்லை. இரண்டாம் உலகப் போரில், 1944இல், ஜெர்மனி ஏவிய வி-1 பறக்கும் குண்டுகள் லண்டன்மீது விழுந்தன. சில பகுதிகளில் குண்டுகள் கொத்தாக விழுகின்றன என்று பேசப்பட்டது. அப்படியானால் எதிரி குறிவைத்து அடிக்கிறானா? ஆர்.டி. கிளார்க் என்பவர் இதை எண்ணிப் பார்த்து 1946இல் வெளியிட்டார். தென் லண்டனில் 144 சதுர கிலோமீட்டர் பரப்பை, தலா கால் சதுர கிலோமீட்டர் அளவில் 576 கட்டங்களாகப் பிரித்தார். அங்கே விழுந்த குண்டுகள் 537. எந்தக் குறியும் இல்லாமல் தற்செயலாக விழுந்திருந்தால் சுமார் 227 கட்டங்களில் ஒரு குண்டுகூட விழுந்திருக்காது என்பது கணக்கு. உண்மையில் அப்படித் தப்பியவை 229. இரண்டு குண்டுகள் விழுந்த கட்டங்கள் சுமார் 99 இருக்க வேண்டும், இருந்தவை 93. மூன்று குண்டுகள் விழுந்தவை சுமார் 31 இருக்க வேண்டும், இருந்தவை 35. கணக்கும் நடப்பும் அவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போயின. கொத்துகள் இருந்தது உண்மை. ஆனால் அவை குறிவைத்ததால் வந்தவை அல்ல, தற்செயலாகவே வந்தவை.

நிறுவனங்கள் என்ன செய்தன?

2005ஆம் ஆண்டு ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபாட் ஷஃபிள் என்ற சின்னஞ்சிறு இசைக் கருவியை வெளியிட்டது. அதில் திரையே கிடையாது. அடுத்து என்ன பாட்டு வரும் என்று தெரியாமல் கேட்பதுதான் அதன் சுவை என்று விளம்பரம் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐடியூன்ஸ் மென்பொருளில் ஒரு புதிய வசதியை அறிமுகப்படுத்தினார். ஒரே பாடகரின் பாடல்கள் அடுத்தடுத்து வருவதால் கலைப்பு சரியில்லை என்று மக்கள் நினைக்கிறார்கள், எனவே தற்செயலாகத் தோன்றுவதற்காகத் தற்செயலைக் குறைக்கிறோம் என்ற பொருளில் அவர் விளக்கினார்.

அந்த வசதியில் எனக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு. அது ஒரு நகர்த்தும் பொத்தானாக இருந்தது. ஒரே கலைஞரின் பாடல்கள் அடுத்தடுத்து வரும் வாய்ப்பைக் கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம், நடுவில் நிறுத்தினால் முழுத் தற்செயல். எது வேண்டும் என்பதைக் கேட்பவரே முடிவு செய்தார்.

2014இல் ஸ்பாட்டிஃபை நிறுவனமும் தன் கலைப்பு முறையை விளக்கி எழுதியது. முன்பு ஃபிஷர்-யேட்ஸ் முறையையே அது பயன்படுத்தியது. பயனாளர்கள் குறைகூறினார்கள். எனவே ஒரே கலைஞரின் பாடல்களைப் பட்டியல் முழுவதும் பரப்பி வைக்கும் முறைக்கு மாறியது. நம் பட்டியலில் அது எப்படி இருக்கும் என்று பாருங்கள். ரஹ்மானின் பன்னிரண்டு பாடல்களையும் ஏறக்குறைய ஐந்து இடத்துக்கு ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றையும் சற்று முன்னே பின்னே தள்ளிவிடுவார்கள். மற்றவர்களுக்கும் அப்படியே. மேடையில் ஒரே பள்ளி மாணவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காராதபடி நாற்காலிகளில் பெயர் ஒட்டுவதைப் போன்ற வேலை இது. கொஞ்சம் தற்செயல் இருக்கிறது, ஆனால் அதற்கு மேல் ஓர் ஏற்பாடும் இருக்கிறது.

என் கருத்து

இந்த ஏற்பாட்டைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிக்கு ரயிலில் போகும் அரை மணி நேரத்தில் வெவ்வேறு குரல்களைக் கேட்க ஆசைப்படுவது இயல்பு. இசைச் செயலி கணிதப் பாடம் நடத்துவதற்காக உருவாக்கப்பட்டதல்ல. கேட்பவருக்கு மகிழ்ச்சி தருவதுதான் அதன் வேலை.

ஆனால் அடுக்கித் தருவதைக் கலைத்துத் தருவதாகக் காட்டக்கூடாது. நம் தாத்தா பாட்டி காலத்தில் தாயமும் சீட்டாட்டமும் இருந்தன. தாயக்கட்டை யாருக்காகவும் தன்னை மாற்றிக்கொள்ளாது. வேண்டிய எண் விழாமல் ஒருவர் பத்துச் சுற்றுகள் காத்திருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். விளையாடியவர்களுக்குத் தற்செயலின் முரட்டுக் குணம் பழகிப்போனது. இன்றைய மாணவர்களுக்குத் தற்செயலோடு அன்றாடம் கிடைக்கும் பழக்கம் பெரும்பாலும் இந்தப் பொத்தான்தான். அந்தப் பொத்தான், ஒன்று வந்துவிட்டால் அடுத்து வேறொன்றுதான் வரும் என்று நாள்தோறும் சொல்லிக்கொடுக்கிறது. அது பொய்ப் பாடம்.

இந்தப் பொய்ப் பாடத்துக்குப் பணம் கொடுக்க நேரலாம். இணைய விளையாட்டுகளில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப் பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வார்கள். “பத்து முறை வாங்கியும் கிடைக்கவில்லை, இனி கிடைத்தே தீரும்” என்று ஒருவர் பதினொன்றாவது பெட்டியை வாங்குகிறார். விளையாட்டின் விதியிலேயே அப்படி ஓர் உறுதி எழுதப்பட்டிருந்தால் ஒழிய, பதினொன்றாவது பெட்டிக்கும் முதல் பெட்டிக்கும் வாய்ப்பில் எந்த வேறுபாடும் இல்லை. முன்பு கிடைக்காதது பெட்டிக்குத் தெரியாது.

ஆளுக்கு ஆள் குலுக்கும்போது

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பாடல்களைக் கலைக்கும் அதே வேலையை மனிதர்களின் பெயர்களை வைத்தும் செய்கிறோம். அங்கே குலுக்கல் சாய்ந்தால் மனிதர் பாதிக்கப்படுவார்.

1969 டிசம்பர் 1ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு குலுக்கல் நடந்தது. வியட்னாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். எந்தெந்த இளைஞர்களை முதலில் இராணுவத்துக்கு அழைப்பது என்பதைப் பிறந்த தேதியைக் கொண்டு முடிவு செய்ய நினைத்தார்கள். ஆண்டின் 366 தேதிகளையும் தனித்தனிப் பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடிச் சாடியில் போட்டு, தொலைக்காட்சி முன்னிலையில் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்தவர்களுக்கு எண் 1, அவர்களுக்கே முதல் அழைப்பு.

பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது நியாயமாகவே தோன்றியிருக்கும். தேதிகள் தாறுமாறாகத்தான் வந்தன. பிறகு புள்ளியியலாளர்கள் மாதவாரியாக எண்ணிப் பார்த்தார்கள். நியாயமான குலுக்கலில் எந்த மாதத்துக்கும் சராசரி எண் 183 அல்லது 184ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஜனவரியில் பிறந்தவர்களுக்குச் சராசரி 201. டிசம்பரில் பிறந்தவர்களுக்கோ 122க்கும் சற்றுக் குறைவு. டிசம்பரின் 31 தேதிகளில் 26 தேதிகள் முதல் பாதியிலேயே வந்துவிட்டன. காரணம் எளிமையானது. ஜனவரிக் குப்பிகளை முதலில் போட்டு, மாத வரிசைப்படி சேர்த்துக்கொண்டே போனார்கள். பிறகு போதுமான அளவு கலக்கவில்லை. ஆண்டின் கடைசி மாதங்கள் மேலாகவே தங்கிவிட்டன. அடுத்த குலுக்கல் 1970 ஜூலையில் நடந்தபோது, தேதிகளுக்கு ஒன்றும் எண்களுக்கு ஒன்றுமாக இரண்டு உருளைகளை வைத்து முறையையே மாற்றினார்கள்.

லண்டனையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லண்டனில் மக்கள் சாய்வு இருப்பதாக உணர்ந்தார்கள், எண்ணிப் பார்த்தபோது சாய்வு இல்லை. அமெரிக்கக் குலுக்கலில் பார்வைக்கு எதுவும் தெரியவில்லை, எண்ணிப் பார்த்தபோது சாய்வு இருந்தது. இரண்டு இடங்களிலும் உணர்வு தவறியது, எண்ணிக்கை காப்பாற்றியது.

கணினி வந்துவிட்டதால் இந்தத் தொல்லை ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2010இல் ஐரோப்பாவில், கணினிப் பயனாளர்கள் தங்களுக்கு விருப்பமான இணைய உலாவியைத் தேர்ந்தெடுக்க வசதியாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒரு திரையைக் காட்டியது. எந்த உலாவிக்கும் சலுகை கிடைக்கக்கூடாது என்பதற்காக ஐந்து முன்னணி உலாவிகளின் வரிசையை ஒவ்வொரு முறையும் கலைத்துக் காட்ட வேண்டும். நிரலில் கலைத்த முறை தவறானது. வெளியார் பலமுறை ஓட்டி எண்ணிப் பார்த்தபோது, சில உலாவிகள் சில இடங்களில் அளவுக்கு மீறி வந்தது தெரிந்தது. பிறகு அதைத் திருத்தினார்கள். அதையும் கண்டுபிடித்தது எண்ணிக்கைதான்.

நம் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புதிய வீடுகளுக்கு விண்ணப்பித்தவர்களின் வரிசை கணினிக் குலுக்கலில் முடிவாகிறது. தொடக்கநிலை 1 பதிவின்போது இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் அங்கேயும் குலுக்கல் உண்டு. இவற்றில் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நீங்களும் அந்த வரிசையில் நிற்பீர்கள். அப்போது “பக்கத்து வீட்டார் இருவருக்கும் கிடைத்துவிட்டது, எனக்குக் கிடைக்கவில்லை, ஏதோ நடந்திருக்கிறது” என்று சொல்லும் குடிமகனாக நீங்கள் இருக்கக்கூடாது. “கணினி செய்தது, எனவே சரியாகத்தான் இருக்கும்” என்று வாய்மூடி இருப்பவராகவும் இருக்கக்கூடாது. எந்த முறையில் கலைத்தார்கள், முடிவுகளை யாராவது எண்ணிச் சரிபார்த்தார்களா என்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதற்கான பயிற்சி கையில் இருக்கும் கைபேசியிலேயே கிடைத்தால் நல்லது.

எனவே செயலி நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது பெரிய காரியம் அல்ல. ஒரு பொத்தானுக்குப் பதில் இரண்டு பொத்தான்கள் போதும். ஒன்று “கலைத்துப் போடு”, இன்னொன்று “பரப்பி அடுக்கு”. முதலாவதை அழுத்தினால் டின்னில் கைவிட்டு எடுத்த வரிசை, மூன்று ரஹ்மான் வந்தாலும் வரட்டும். இரண்டாவதை அழுத்தினால் காதுக்கு இதமான வரிசை. இப்படிக் கேட்டால் செய்வார்களா? 2021 நவம்பரில் பாடகி அடெல், இசைத்தொகுப்பின் பாடல்களைக் கலைஞர் அமைத்த வரிசையில் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால், தொகுப்புப் பக்கங்களில் ஷஃபிள் முதல் தேர்வாக இருந்ததை ஸ்பாட்டிஃபை மாற்றிக்கொண்டது. பொத்தான்கள் கல்லில் செதுக்கியவை அல்ல.

அதுவரை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஐந்து கலைஞர்கள், ஆளுக்குப் பன்னிரண்டு பாடல்கள் என்று ஒரு பட்டியலைத் தயார் செய்யுங்கள். ஷஃபிளை அழுத்தி, அடுத்து வரவிருக்கும் பாடல்களின் வரிசையைக் காட்டும் பகுதியைத் திறந்து, 60 பாடல்களின் கலைஞர் பெயர்களையும் வரிசையாக எழுதுங்கள். ஒரே கலைஞர் அடுத்தடுத்து வரும் சந்திப்புகளை எண்ணுங்கள். இப்படி ஐந்து முறை செய்யுங்கள். நியாயமான கலைப்பு என்றால் ஒருமுறை 8 வரலாம், இன்னொரு முறை 14 வரலாம், சராசரி 11ஐச் சுற்றியே இருக்கும். ஐந்து முறையும் 0 அல்லது 1 என்று வந்தால், உங்கள் செயலி கலைக்கவில்லை, அடுக்குகிறது. பட்டியலில் ஆளுக்கு எட்டுப் பாடல்கள் என்றால் எதிர்பார்க்க வேண்டியது 7, ஆளுக்கு ஆறு என்றால் 5. ஒரு கலைஞரின் பாடல் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும். ஏன் அப்படி வருகிறது என்பதை மேலே உள்ள கணக்கைக் கொண்டு நீங்களே நிரூபிக்கலாம். நிரூபித்ததும், எண்ணி எழுதிய தாளோடு சேர்த்து உங்கள் கணித ஆசிரியரிடம் காட்டுங்கள்.